மேசைக்கு அருகிலும் மேசையின் மேலும்: சி. எஸ். லூயிஸின் இரு நூல்கள்

துன்பத்தில் ஆன்மிகப் பொருள் காணும் எழுத்தை எதைக் கொண்டு மதிப்பிடுவது? ஆறுதல் தருகிறதா என்று கேட்டால் போதாது. பொய்யும் ஆறுதல் தரும். கோட்பாட்டோடு ஒத்துப்போகிறதா என்று கேட்டாலும் போதாது. யோபுவைத் தேற்ற வந்த மூவரும் தங்கள் காலத்துக் கோட்பாட்டை மீறி ஒரு சொல்லும் பேசவில்லை. ஆனாலும் யோபு நூலின் கடைசி அதிகாரத்தில் கடவுளின் கோபம் அவர்கள்மேல்தான் மூளுகிறது. வழக்காடிய யோபுதான் சரியாகப் பேசினான் என்று தீர்ப்பாகிறது. அப்படியானால் உண்மையான சொல்லும் சொல்லப்படும் இடத்தால் தவறாகிவிட முடியும். இந்த வகை எழுத்தைப் படிக்கையில் நான் கைவிடாத அளவுகோல் இதுதான்: சொல்பவர் எங்கே நிற்கிறார், யாரிடம் சொல்கிறார், யாருடைய வலிக்குப் பொருள் சொல்கிறார்?

இந்த அளவுகோலைச் சோதிக்கக் கிறிஸ்தவ எழுத்தாளர் சி. எஸ். லூயிஸைவிடப் பொருத்தமான ஆள் கிடைப்பது அரிது. ஒரே ஆசிரியர், ஒரே கேள்வி, 21 ஆண்டு இடைவெளியில் இரண்டு நூல்கள். 1940இல் வந்த ‘தி பிராப்ளம் ஆஃப் பெய்ன்’ வலியைப் பற்றிய வாதம். 1961இல் வந்த ‘எ கிரீஃப் அப்சர்வ்டு’ மனைவியைப் பறிகொடுத்தவரின் குறிப்பேடு. பின்னது முன்னதைப் பொய்யாக்கிவிட்டது என்பது பரவலான கருத்து: படிப்பறிவு பேசியதைப் பட்டறிவு வந்து கலைத்துவிட்டதாம். கேட்க நன்றாக இருக்கும் இந்தக் கருத்தை நூல்கள் தாங்கவில்லை.

முதலில் முன்னதற்கு நியாயம் செய்ய வேண்டும். ‘கிறிஸ்டியன் சேலஞ்ச்’ என்ற வரிசைக்காகப் பதிப்பாளர் ஆஷ்லி சாம்ப்சன் கேட்டு லூயிஸ் எழுதியது அது. பெயர் போடாமல் வெளியிட அனுமதி கேட்டார். மனவுறுதியைப் பற்றி நான் எழுதினால் என்னை அறிந்தவர்கள் என்ன நினைப்பார்கள் என்ற கூச்சம். அனுமதி கிடைக்கவில்லை. ஆகவே முன்னுரையிலேயே எல்லை வகுத்துவிடுகிறார். வலி எழுப்பும் அறிவுச் சிக்கலைத் தீர்ப்பது மட்டுமே இந்நூலின் வேலை. தாங்கும் பொறுமையைக் கற்பிக்கும் தகுதி தனக்கு இல்லை என்கிறார். இந்த எல்லையைப் படித்த பிறகும் “ஆறுதல் இல்லையே” என்று நூலைக் குறைசொல்வது, அகராதியில் கதை இல்லை என்று குறைசொல்வதைப் போன்றது.

‘சொகுசாக வாழ்ந்த ஆக்ஸ்ஃபோர்டு ஆசிரியருக்கு வலியைப் பற்றி என்ன தெரியும்’ என்ற ஏச்சும் நிற்காது. 1908இல் தாய் புற்றுநோயில் இறந்தபோது அவருக்கு வயது 9. அம்மா பிழைக்க வேண்டும் என்று ஜெபித்த பிள்ளை அவர், ஜெபம் கேட்கப்படவில்லை. 1918 ஏப்ரலில், பிரான்ஸ் போர்முனையில், உடலில் குண்டுச் சில்லுகள் பாய்ந்தன. 1931 வாக்கில் கிறிஸ்தவராவதற்கு முன் நெடுங்காலம் நாத்திகர். உலகின் வலியே அப்போது அவர் கையில் இருந்த முதல் ஆயுதம். 1940இல் அந்த ஆயுதத்துக்கு எதிராக அவரே வாதாடுகிறார். பட்டறிவு இருந்தது. அதைப் பக்கத்துக்குள் விட்டாரா என்பதுதான் கேள்வி.

பெரும்பாலும் விடவில்லை. ஆனாலும் வாதமாக மட்டும் படித்தால் முற்பாதி பெரிய சாதனை. சர்வ வல்லமையைப் பற்றிய அதிகாரம் பொருளற்ற கேள்விகளைத் தயவில்லாமல் வெளியேற்றுகிறது: பலர் சேர்ந்து வாழும் உலகுக்கு நிலையான பொருள் வேண்டும், நிலையான பொருள் இருந்தால் உத்தரத்துக்கு ஆகும் மரமே அடிக்கும் தடியாகவும் ஆகும். அடுத்து வரும் கடவுளின் நன்மை பற்றிய அதிகாரம் நூலின் சிகரம். அன்பும் தயவும் ஒன்றல்ல என்று லூயிஸ் பிரிக்கிறார். தயவு, அந்த உயிர் வலியில்லாமல் இருந்தால் போதும் என்று ஒதுங்கிக்கொள்ளும். அன்பு, அது தன் முழுமையை அடையும்வரை விடாது. ஓவியனும் ஓவியமும், மனிதனும் அவன் பழக்கும் நாயும், தகப்பனும் மகனும், காதலனும் காதலியும் என்று ஒப்புமைகள் படிப்படியாக உயர்கின்றன. ஒவ்வொன்றும் எந்த இடத்தில் பொருந்தாது என்பதையும் அவரே சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போகிறார். சமய வாத நூல்களில் இத்தகைய நேர்மையை அடிக்கடி காண முடியாது.

பிழை பிற்பாதியில் வருகிறது. அது அடிப்படையான பிழை. வலியின் பயனையும் வலியின் நோக்கத்தையும் நூல் ஒன்றாக்கிவிடுகிறது. எல்லாம் நலமே என்ற மயக்கத்தை வலி கலைக்கிறது, இருப்பது போதும் என்ற நிறைவை உடைக்கிறது, தன்னை ஒப்புக்கொடுக்கும் வாய்ப்பைத் தருகிறது. மூன்றையும் ஒப்புக்கொள்ளலாம், வாழ்ந்து பார்த்தவர்கள் பலர் ஒப்புக்கொள்வார்கள். ஆனால் நெருப்பில் சோறு வேகும் என்பதால் வீடு பற்றியெரிந்ததன் நோக்கம் சமையல் என்று ஆகிவிடாது. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவ இடையில் ஒரு பாலம் வேண்டும். அந்தப் பாலத்தை நூல் கட்டவில்லை, உவமையால் தாண்டுகிறது. செவிட்டு உலகை எழுப்பக் கடவுள் கையில் எடுத்த ஒலிபெருக்கிதான் வலி என்பது புகழ்பெற்ற அந்த உவமை. கொஞ்சம் நின்று பார்த்தால் அது எதைக் கேட்காமல் விடுகிறது என்பது தெரியும். ஒலிபெருக்கி கூட்டத்தை நோக்கியது, ஆள் பார்க்காதது. சத்தத்துக்கு மிக அருகில் இருப்பவனுக்கு விழிப்பு வராது, செவிப்பறைதான் கிழியும். வலி சிலரை மனந்திரும்பாத கலகத்துக்கே தள்ளிவிடலாம் என்று லூயிஸும் அறிவார், சொல்கிறார். சொல்லிவிட்டுக் கடந்துபோகிறார்.

இதைக் கூர்மையாகச் சொன்னவர் எதிரி அல்லர், நண்பர். இறையியலாளர் ஆஸ்டின் ஃபாரர், லூயிஸ் மறைந்தபின் 1965இல் வந்த நினைவுத் தொகுப்பில், லூயிஸின் மனிதன் ஏறக்குறைய ஒழுக்க விருப்பாற்றல் மட்டுமே என்றார். வலி அவனுக்கு மருந்தாகவே வருகிறது. ஆனால் மனிதன் உடலுள்ள உயிரினம். பெரும்பகுதி வலி பாடம் நடத்த வருவதில்லை. நரம்பு இருக்கிறது, காயம் பட்டது, வலிக்கிறது, அவ்வளவுதான். ஃபாரரின் கண்டனத்தை நான் முழுவதும் ஏற்கிறேன். உலகின் வலிகளைக் கூட்டித் தொகை காண முடியாது, இருவருக்குப் பல்வலி என்றால் இருமடங்கு பல்வலியை அனுபவிப்பவர் ஒருவரும் இல்லை என்று முன்னது வாதிடும் இடமும் இதே கோளாறின் விளைவு. தருக்கத்தில் குறையில்லை. ஆனால் பக்கத்துப் படுக்கையிலிருந்து முனகல் கேட்கும் அறையில் அந்தத் தருக்கத்தைச் சொல்ல முடியாது.

இருந்தும் அந்த நூலில் ஒரு பக்கம் மட்டும் வேறு குரலில் பேசுகிறது. லூயிஸ் தன் அன்றாடத்தில் மகிழ்ந்து, கடவுளை மறந்து, வேலையும் நண்பர்களுமாக இருக்கிறார். திடீரென வயிற்றில் ஒரு குத்தல், அல்லது நாளேட்டில் போர் பற்றி ஒரு தலைப்பு. சீட்டுக்கட்டு வீடு முழுவதும் சரிகிறது. மெல்ல மெல்லக் கடவுளிடம் திரும்புகிறார். ஆபத்து விலகியதும், பிடிக்காத குளியல் முடிந்த நாய்க்குட்டி உடம்பை உதறிவிட்டு மறுபடி அழுக்கில் புரள ஓடுவதுபோல, பழைய பொம்மைகளுக்கே ஓடுகிறார். இங்கே பயனும் நோக்கமும் மோதவில்லை. காரணம், பேசுவது தன் வலியைப் பற்றி. வலி ‘மனிதனுக்கு’ ஏன் தேவை என்று அவர் இங்கே விளக்கவில்லை. தனக்கு அது என்ன செய்தது என்று ஒப்புக்கொள்கிறார். நூல் முழுவதும் இந்தக் குரலில் இருந்திருந்தால் பின்னதற்குத் தேவை வந்திருக்குமா என்று நான் எண்ணிப் பார்த்ததுண்டு.

என் பிழை ஒன்றையும் இங்கே பதிவு செய்தாக வேண்டும். மகளை இழந்த நண்பர் ஒருவருக்கு, பதினாறாம் நாள் கழித்து, முன்னதைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவருடைய கேள்விகள் அறிவுக் கேள்விகள் என்று எனக்குத் தோன்றியது. ஒரு வாரத்தில் நூலைத் திருப்பிக் கொடுத்தார், மடிப்புக் கலையவில்லை. ஒன்றும் சொல்லவில்லை. நான் கொடுத்த நூல் கெட்ட நூல் அல்ல. கொடுத்த நாள் கெட்ட நாள்.

லூயிஸுக்கு அந்தக் கெட்ட நாள், மனைவி இறந்த 1960 ஜூலை 13. அமெரிக்கக் கவிஞர் ஜாய் டேவிட்மனை 1956 ஏப்ரலில் பதிவுத் திருமணம் செய்தார். அதே ஆண்டு அக்டோபரில் ஜாய்க்குப் புற்றுநோய் என்று தெரிந்தது. 1957 மார்ச்சில், மருத்துவமனைப் படுக்கையருகே, குரு ஒருவர் ஜெபித்துத் திருச்சபை முறைப்படி மணம் முடித்துவைத்தார். பிறகு நோய் பின்வாங்கியது. ஜாய் எழுந்து நடந்தார். 1960 வசந்தத்தில் இருவரும் கிரேக்கம்வரை போய்வந்தார்கள். சில மாதங்களில் எல்லாம் முடிந்தது. நம் கிறிஸ்தவக் கன்வென்ஷன் கூட்ட மேடைகளில் 1958ஆம் ஆண்டு லூயிஸை ஏற்றியிருந்தால் அருமையான சாட்சி கிடைத்திருக்கும். சாட்சி என்ற வடிவத்தின் குறையே அதுதான்: சுகம் கிடைத்தபின் மேடை, அதற்கு முன்னும் பின்னும் மௌனம். பின்னது அந்த மௌனத்துக்குள் எழுதப்பட்டது.

வீட்டில் கிடந்த வெற்றுக் குறிப்பேடுகளில் எழுதி, நான்கோடு நிறுத்திக்கொள்வது என்று தனக்கே விதி வைத்துக்கொண்டார். ஃபேபர் நிறுவனம் அதை என். டபிள்யூ. கிளார்க் என்ற புனைபெயரில் வெளியிட்டது. மனைவி வெறும் ‘எச்.’ முன்னதில் மறுக்கப்பட்ட மறைப்பு பின்னதில் கிடைத்தது. 1963 நவம்பரில் லூயிஸ் இறந்த பிறகே அவர் பெயர் அட்டைக்கு வந்தது.

முறையியல் நோக்கில் இந்நூலின் முதல் சிறப்பு, அது சிறியவற்றை விடாதது. துயரம் அச்சத்தைப்போலவே உடம்பில் இருக்கிறது: வயிற்றில் அதே படபடப்பு, அதே கொட்டாவி, விழுங்கிக்கொண்டே இருக்க வேண்டியிருப்பது. கன்னம் மழமழப்பாக இருந்தால் என்ன, சொரசொரப்பாக இருந்தால் என்ன என்று சவரத்துக்கும் சோம்பல். தெரிந்தவர்கள் எதிரே வரும்போது பேசலாமா வேண்டாமா என்று தயங்குவது கண்ணில் படுகிறது. எச்.-ஐப் பற்றி அவருடைய பிள்ளைகளிடம் பேச்செடுத்தால் அவர்கள் முகத்தில் தெரிவது அழுகை அல்ல, கூச்சம். ஏதோ தகாததைச் சொல்லிவிட்டதுபோல. இந்த விவரங்கள் அலங்காரம் அல்ல, சான்றுகள். முன்னதில் வலி ஒரு கருத்தாக இருந்தது. இங்கே அதற்கு வயிறும் கன்னமும் இருக்கின்றன.

முன்னதில் கடவுள் உரத்துப் பேசுகிறார். இங்கே வாயே திறப்பதில்லை. மகிழ்ச்சியில் தேடாதபோது வரவேற்றவர், வேறு கதியின்றிப் போய்த் தட்டும்போது கதவை அறைந்து சாத்தி உள்ளே தாழிட்டுக்கொள்கிறார். குற்றச்சாட்டு இத்தோடு நிற்கவில்லை. நோய் பின்வாங்கிய மாதங்களையும், கேட்கப்பட்டதுபோல் தோன்றிய ஜெபங்களையும் எண்ணிப் பார்க்கிறார்: மிகக் கருணையாகத் தோன்றிய வேளைகளில் எல்லாம் அடுத்த வதைக்கு ஏற்பாடு நடந்துகொண்டிருந்ததா? கிறிஸ்தவ எழுத்தில் யோபுவுக்கும் சங்கீதங்களுக்கும் பிறகு இந்தக் கேள்வியை இவ்வளவு நேராகக் கேட்டவர்கள் சிலரே.

நூலின் மையம், என் கணிப்பில், அறுவை மருத்துவர் உவமை. வதைத்து மகிழ்பவனிடமாவது தப்பலாம். அவனுக்கு அலுக்கும், இரங்குவான், கெஞ்சினால் ஒருவேளை நிறுத்துவான். நல்ல மருத்துவர் நிறுத்தமாட்டார். பாதியில் நிறுத்தினால் அதுவரை பட்ட வலி முழுவதும் வீணாகிவிடும் என்று அவருக்குத் தெரியும். ஆகவே அவர் எவ்வளவு நல்லவரோ அவ்வளவுக்கு இரக்கமின்றி அறுத்துக்கொண்டே போவார். கருத்தை மட்டும் உரித்தெடுத்துப் பாருங்கள்: இது முன்னதன் வாதமேதான். அன்பு தயவைவிடக் கொடியது என்ற அதே நிலைப்பாடு. ஒரு சொல்கூடப் பின்வாங்கப்படவில்லை. மாறியது இடம். முன்னதில் அவர் மேசைக்கு அருகில் நின்று, கத்தி ஏன் தேவை என்று விளக்கினார். பின்னதில் மேசையின் மேல் கிடக்கிறார். கீழே கிடப்பவனுக்கு அந்த உண்மை ஆறுதலாக வரவில்லை, அச்சமாக வருகிறது. ‘கடவுள் நல்லவர்’ என்ற வாக்கியத்தை அச்சமூட்டும் வாக்கியமாகப் படிக்க வைத்ததுதான் இந்நூலின் தனிச் சாதனை என்பேன்.

தத்துவ அறிஞர் ஜான் பெவர்ஸ்லூயிஸ் 1985இல் இதற்கு எதிரான வழக்கை வலுவாகவே வைத்தார். முன்னதில் ‘நன்மை’ என்ற சொல் மனிதருக்குப் புரியும் பொருளோடு இருந்தது. பின்னதில் கடவுள் என்ன செய்தாலும் நன்மை என்று ஆகி அந்தச் சொல் காலியாகிவிட்டது. லூயிஸின் நம்பிக்கை பிழைத்தது, அதன் நியாயம் பிழைக்கவில்லை என்பது அவர் வாதம். எளிதில் தள்ளிவிடக்கூடிய வாதமல்ல. ஆனால் பெவர்ஸ்லூயிஸ் கிளப்பும் ஐயத்தை லூயிஸே இரண்டாம் குறிப்பேட்டில் கிளப்புகிறார்: நம் கறுப்பு அவருக்கு வெள்ளையானால் அவரைப் பற்றி எதையும் சொல்ல முடியாது, நம்பவும் முடியாது. கிளப்பிவிட்டு அந்த வழியில் போக மறுக்கிறார். மருத்துவர் உவமைக்கு வேலை இருப்பதே ‘நல்லவர்’ என்ற சொல் பழைய பொருளை இழக்காமல் இருப்பதால்தான். பொருள் காலியாகியிருந்தால் அச்சத்துக்கும் காரணம் இருந்திருக்காது. இரண்டாம் குறிப்பேட்டைக் கடைசிக் குறிப்பேடாகப் படித்தது பெவர்ஸ்லூயிஸின் தவறு.

திருப்பம் மூன்றாம் குறிப்பேட்டில் வருகிறது, வாதமாக அல்ல, வானிலையாக. பத்து நாள் மூட்டத்துக்குப் பிறகு வெயிலடிக்கிறது, இளங்காற்று வீசுகிறது. மிகக் குறைவாக அழுத நேரத்தில் எச். மிகத் தெளிவாக நினைவுக்கு வருகிறார். உடல் களைப்பு குறைந்ததுதான் காரணமாக இருக்கலாம் என்று அவரே குறித்துவைக்கிறார். அதிசயம் என்று எழுதியிருக்கலாம், எழுதவில்லை. பிறகுதான் கதவைப் பற்றி இன்னொரு ஐயம் எழுகிறது: நீரில் மூழ்குபவன் காப்பாற்ற வந்தவரையே இறுகப் பிடித்து அவருக்கு வழியில்லாமல் செய்வதுபோல, தன் வெறிகொண்ட தேவையே அதை அடைத்ததோ? சீட்டுக்கட்டு வீடும் திரும்பி வருகிறது. இந்த முறை சரிவது உலக மகிழ்ச்சி அல்ல. நம்பிக்கை என்று தான் நினைத்திருந்ததே சரிகிறது. கடவுள் அதைச் சோதித்துத் தெரிந்துகொள்ளவில்லை, அவருக்கு முன்பே தெரியும். தெரியாமல் இருந்தது தனக்குத்தான் என்கிறார். 1940இன் அந்த ஒற்றைப் பக்கம் இங்கே முழு நூலாக விரிந்திருக்கிறது. பயனிலிருந்து நோக்கத்துக்குப் போகும் பாலமும் கட்டப்படுகிறது. ஆனால் ஒருவர் மட்டுமே நடக்கக்கூடிய பாலம் அது. ‘என் வலியில் எனக்கு இது நடந்தது’ என்று சொல்பவரை மட்டுமே அது தாங்கும்.

குறைகள் இரண்டு, இரண்டும் சிறியவை அல்ல. நான்காம் குறிப்பேடு அவசரப்படுகிறது. துயரம் வரைபடத்துக்குள் அடங்கும் நிலை அல்ல, வரலாறு வேண்டும் ஓட்டம் என்று தானே கண்டுபிடித்த பிறகு, அந்த ஓட்டத்தைக் குறிப்பேடுகளின் எண்ணிக்கையால் முடித்துவைப்பது முரண். துதியை நோக்கிய நகர்வு உண்மையாக இருக்கலாம்; பக்கங்களில் அது சம்பாதிக்கப்படவில்லை. மற்றது இன்னும் கனமானது. எலும்புவரை நோயில் வெந்தவர் ஜாய். அந்த வலிக்கு என்ன பொருள்? லூயிஸ் சொல்லிப் பார்க்கிறார்: எச். கடவுளின் கையில் தீட்டப்பட்ட வாள், இன்னும் பளபளப்பாக்கப்படும் வாள். இந்த இடத்தில் அவர் மறுபடி மேசைக்கு அருகில் வந்து நின்றுவிடுகிறார். தன் வலிக்குப் பொருள் காண எத்தனை பக்கம் எடுத்துக்கொண்டார், அவள் வலிக்கு எத்தனை வரி! அவளும் எழுதத் தெரிந்தவள் என்பதை நினைக்கையில் இந்தக் குறை உறுத்துகிறது.

ஒப்பீட்டுக்கு நம் மண்ணில் எழுந்த நூல் ஒன்று இருக்கிறது. டோனாவூரில் 1901 முதல் குழந்தைகளை வளர்த்த மிஷனரி ஏமி கார்மைக்கேல், 1931 அக்டோபரில் களக்காட்டில் ஒரு குழியில் விழுந்து கால் முறிந்தார். 1951 ஜனவரியில் இறக்கும்வரை பெரும்பாலும் அறைக்குள்ளேயே இருந்தார். 1933இல் வந்த அவருடைய ‘ரோஸ் ஃப்ரம் பிரையர்’ நோயுற்றவர் நோயுற்றவர்களுக்கு எழுதியது. நலமாக இருப்பவர்கள் நோயாளிகளுக்காக எழுதும் துண்டுப் பிரசுரங்கள் தன்னைத் தொடவில்லை என்பதே அதை எழுதக் காரணம் என்கிறார். எங்கே நின்று யாரிடம் பேசுவது என்பதில் ஏமி லூயிஸைவிடத் தெளிவானவர். லூயிஸின் குறிப்பேட்டுக்குக் கேட்பவரே இல்லை. ஆனால் ஏமியிடம் ஒப்புக்கொடுத்தல் சீக்கிரம் வந்துவிடுகிறது. கதவைத் தட்டிக் கை வீங்கிய ஓசை அவரிடம் கேட்கவில்லை.

சுவிசேஷத்தில் பிறவிக் குருடனைப் பற்றிச் சீஷர்கள் காரணம் கேட்கிறார்கள்: யார் செய்த பாவம்? இயேசு காரணத்தை மறுக்கிறார், நோக்கத்தைச் சொல்கிறார்; சொன்ன கையோடு மண்ணைக் குழைத்து அவன் கண்ணில் பூசுகிறார். பிறர் வலிக்கு நோக்கம் சொல்லும் உரிமை யாருக்கு என்பதற்கு எனக்குத் தெரிந்த மிகக் கண்டிப்பான வரையறை இந்தக் காட்சி. அதை வைத்துப் பார்த்தால் முன்னதன் பிற்பாதி உரிமை மீறல். முற்பாதி இன்றும் நிற்கும் நல்ல தத்துவம். பின்னது, எச்.-இன் வலியைத் தொடும் வரிகள் நீங்கலாக, உரிமைக்குள் நின்று பேசுகிறது. முன்னதை அது ரத்து செய்யவில்லை. அதன் வாதத்தை உரிய வாய்க்குக் கொண்டுசேர்த்தது. இரண்டில் பெரிய நூல் பின்னதுதான், ஆனால் அதன் பெருமை முதல் மூன்று குறிப்பேடுகளுடையது.

மகளை இழந்த அந்த நண்பர், ஆறு ஆண்டு கழித்து, வேறு பேச்சுக்கு நடுவே பின்னதைக் கேட்டு வாங்கிப்போனார். இந்த முறை திரும்பி வந்த நூலில் பக்கங்கள் மடிந்திருந்தன, ஓரங்களில் பென்சில் கோடுகள். பேருந்துப் பயணச்சீட்டு ஒன்று அடையாளமாகச் செருகியிருந்தது. எடுத்துப் பார்த்தேன். மூன்றாம் குறிப்பேட்டின் கடைசிப் பக்கம்.